சண்டிகர் நாற்காலி செய்த மனிதர்: வாசகர் கேள்வி – பதில்

சண்டிகர் நகரத்தைக் கட்டியவர்களில் ஒருவரும், இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் தேக்கு – பிரம்பு நாற்காலிகளை உருவாக்கியவருமான சுவிஸ் கட்டடக் கலைஞர் பியேர் ஜானரே (1896–1967) பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கட்டட வேலையும் தச்சு வேலையும் அறிந்த எங்கள் குழு அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறது.

இணையத்தில் ஜானரேவுக்கு நான்கு எழுத்து ஆளுமை வகை ஒன்று போட்டிருக்கிறார்கள். அவருடைய அண்ணன் முறையும் தொழில் கூட்டாளியுமான கட்டடக் கலைஞர் லே கொர்புசியேவுக்கு வேறொரு வகை. இதையெல்லாம் நம்பலாமா அண்ணாச்சி? உண்மையில் அவர் எப்படிப்பட்ட ஆள்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

அந்த நான்கு எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது. கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட ஆளுமை வகைகள் பற்றிய கருத்தை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவாக்கிய கேள்வித்தாள் அது. அகமுகமா புறமுகமா என்பது போல நான்கு இணைகள். ஆக மொத்தம் 16 வகை. அந்தக் கேள்விகளுக்குச் சம்பந்தப்பட்டவரே பதில் எழுத வேண்டும். இறந்துபோனவருக்கு ரசிகர்கள் உட்கார்ந்து போடும் எழுத்து வெறும் ஊகம். உயிரோடு இருப்பவர்களே சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. காரணம் எளிது. பெரும்பாலோர் நடுவாந்திரத்தில் இருப்பவர்கள். நடுவில் கோடு கிழித்தால் இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம்.

ஜானரேவின் குணம் தெரிய வேண்டுமானால் அவர் வேலை பார்த்த முறையைப் பாருங்கள். பாரிஸில் சேவ்ர் தெரு 35-ஆம் எண் அலுவலகத்தில், லே கொர்புசியே காலை நேரத்தை ஓவியத்துக்கும் எழுத்துக்கும் ஒதுக்கிவிட்டுப் பிற்பகலில்தான் வருவார். ஜானரே முழு நாளும் வரைபலகை ஓரத்திலேயே இருப்பார். இளைஞர்கள் போடும் வரைபடத்தைத் திருத்துவது, கணக்குப் பார்ப்பது, ஒரு யோசனையைக் கட்டக்கூடிய படமாக மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. அண்ணன் புத்தகம் புத்தகமாக எழுதினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தம்பி எழுதியது சொற்பம். மலையேற்றம், புகைப்படம், கையால் எதையாவது செய்து பார்ப்பது – இவைதான் அவருக்குப் பிடித்தவை. சண்டிகர் சுக்னா ஏரிக்குப் படகுகூட வடிவமைத்திருக்கிறார்.

இதையெல்லாம் வைத்து ‘கூச்ச சுபாவி’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1940-இல் பாரிஸ் ஜெர்மானியர் கையில் விழுந்தபோது, லே கொர்புசியே ஜெர்மானியரோடு ஒத்துப்போன பிரான்சின் விஷி அரசிடம் வேலை தேடிப் போனார். ஜானரே கிரெனோபிள் பக்கம் போய் எதிர்ப்பு இயக்கத்தோடு சேர்ந்துகொண்டார். பதினெட்டு வருடக் கூட்டு அதோடு முறிந்தது. பேச்சு குறைந்தவர்தான்; ஆனால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. நான்கெழுத்துப் பட்டியலில் இதற்கு இடம் கிடையாது.

பாரிஸ் பக்கத்து வில்லா சவோய் வீடு முதல் சண்டிகர் வரை பெயரெல்லாம் லே கொர்புசியேவுக்கே போய்விட்டதே. ஜானரே ஏமாற்றப்பட்டாரா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

ஏமாற்றம் என்று சொல்வதைவிட, கணக்கில் விட்டுப்போனவர் என்று சொல்வது சரியாக இருக்கும். 1922 முதல் 1940 வரை வந்த கட்டடங்களில் இருவர் பெயரும் சேர்ந்தேதான் இருந்தது. புகழ்பெற்ற ‘ஐந்து கோட்பாடுகள்’ – தூண் மேல் நிற்கும் வீடு, மொட்டைமாடித் தோட்டம், சுவர் தடையில்லாத தரைத்திட்டம், நீளச் சன்னல், பாரம் தாங்காத முகப்பு – இருவர் பெயரிலும்தான் வெளிவந்தன. உலோகக் குழாய் நாற்காலிகளில் மூன்றாவது பெயர் ஒன்றும் உண்டு. 1927-இல் சேர்ந்த ஷார்லோட் பெரியாந். 1929 இலையுதிர்காலக் கண்காட்சியில் வைத்த சாய்வு நாற்காலியில் அவர் பங்கு பெரிது. பிற்காலத்தில் கடைக்காரர்களும் பத்திரிகைகளும் பெயரைச் சுருக்கியபோது முதலில் வெட்டுப்பட்டவை இந்த இரண்டு பெயர்கள்தான்.

சண்டிகர் கதை வேறு. 1950 ஆகஸ்டில் நகரத்தை வடிவமைக்க முதலில் அமர்த்தப்பட்டிருந்த கட்டடக் கலைஞர்களில் ஒருவரான மாத்யூ நோவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்தபின் பஞ்சாப் அதிகாரிகள் ஐரோப்பா போய் ஆள் தேடினார்கள். லே கொர்புசியே இந்தியாவில் குடியிருக்க ஒப்புக்கொள்ளவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போவதாக ஏற்பாடு. அப்போது தினமும் தளத்தில் இருக்க ஒருவர் வேண்டுமே? பிணங்கியிருந்த தம்பி அதற்கு ஒப்புக்கொண்டு 1951-இல் வந்தார். கூடவே வேலை பார்த்த பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்கள் மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதி மூன்றாண்டில் ஊர் திரும்பினார்கள். ஜானரே 1965 வரை இருந்தார். பஞ்சாபின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஆனார். பல்கலைக்கழகத்துக் காந்தி பவன், அரசு ஊழியர் குடியிருப்புகள், பள்ளிகள் என்று மக்கள் தினமும் புழங்கும் சண்டிகரில் பெரும்பகுதி அவர் கையும் அவரோடு இருந்த இந்தியக் குழுவின் கையும் பட்டவை. ஊர்மிளா யூலி சௌத்ரி, ஜீத் மல்ஹோத்ரா, ஆதித்ய பிரகாஷ், எம்.என். சர்மா போன்றவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். நாற்காலிகளில் சௌத்ரியின் பங்கையும் மறக்கக் கூடாது. உடல்நலம் கெட்டு ஜெனீவா திரும்பிய ஜானரே 1967 டிசம்பரில் காலமானார். அவர் விருப்பப்படி அஸ்தி சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

அந்த ‘வி’ கால் பிரம்பு நாற்காலியை எங்கள் ஊர் ஆசாரியை வைத்துச் செய்ய முடியுமா? மரம் எவ்வளவு, அளவு என்ன, எங்கே தப்பு நடக்கும் என்று விவரமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், வீரவநல்லூர்

தாராளமாக முடியும். அந்த நாற்காலி பிறந்ததே அப்படித்தான். அலுவலகம், நீதிமன்றம், நூலகம், கல்லூரி என்று ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் நாற்காலி வேண்டியிருந்தது. எஃகுக் குழாய் வளைக்கும் ஆலை பக்கத்தில் இல்லை. மரமும் பிரம்பும் தச்சர்களும் இருந்தார்கள். அதனால் வளைவே இல்லாமல், நேராக அறுத்து இழைத்துப் பூட்டக்கூடிய வடிவமாகப் போட்டார்கள். பல பட்டறைகளில் செய்ததால் மூலநாற்காலிகளிலேயே ஒன்றுக்கொன்று அளவு கொஞ்சம் மாறும். ஆகவே அரை அங்குலம் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று ஆசாரியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மாறக் கூடாத இடங்கள் வேறு.

கைவைத்த அலுவலக நாற்காலிக்கு எங்கள் பரிந்துரை இது. உட்காரும் உயரம் முன்பக்கம் 17½ அங்குலம், பின்பக்கம் 17. உட்காரும் சட்டம் 18 அங்குல அகலம், 17 அங்குல ஆழம். கைப்பிடியின் அடிப்பாகம் தரையிலிருந்து 25 அங்குலம். முதுகுச் சட்டத்தின் மேல் விளிம்பு 31. ஒவ்வொரு பக்கமும் இரண்டு கால்கள் கவராயம் விரித்த மாதிரி நிற்கும். மேலே கைப்பிடிக்கு அடியில் கால்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 4 அங்குலம், தரையில் 20 அங்குலம். அப்படியானால் ஒவ்வொரு காலும் செங்குத்திலிருந்து ஏறக்குறைய 18 டிகிரி சாயும். கால் உட்காரும் மட்டத்தில் 2¾ அங்குல அகலம். அங்கிருந்து மேலேயும் கீழேயும் ஒடுங்கி, பாதத்தில் 1¾. கனம் எல்லா இடத்திலும் 1¼ அங்குலம், இழைத்த பிறகு.

மரம் சுத்தமாக 0.65 கன அடிக்குள் வந்துவிடும். சாய்வாக அறுப்பதில் சேதாரம் அதிகம் என்பதால் ஒரு நாற்காலிக்கு ஒரு கன அடி வாங்குங்கள். நான்கு சேர்த்துச் செய்தால் ஒரு காலின் ஒடுங்கிய பக்கத்தில் இன்னொரு காலை மாற்றி வைத்து அறுக்கலாம். சேதாரம் நன்றாகக் குறையும். புதுத் தேக்கைவிடப் பழைய வீடு பிரித்த உத்திரம், கதவு நிலை கிடைத்தால் விடாதீர்கள். பல பத்தாண்டு காய்ந்த மரம். சாமில்லுக்குப் போகும்முன் ஆணியை மட்டும் காந்தம் வைத்துத் தேடி எடுத்துவிட வேண்டும். புதுமரம் வாங்கினால் ஓரத்தில் வெள்ளை ஓடியிருக்கும் பலகையை ஒதுக்குங்கள். வண்டு முதலில் பிடிப்பது அந்த வெள்ளையைத்தான்; வைரம் பாய்ந்த பகுதியை அது தொடாது. வாகை, அயனி, பூவரசு மூன்றும் இந்த வேலைக்குத் தாங்கும்.

இனி தப்பு நடக்கும் இடங்கள்.

முதலாவது, ரேகை. அகலப் பலகையில் காலின் சாய்வை மட்டும் வரைந்து அறுத்துவிட்டால் மரத்தின் ரேகை காலின் நீளத்துக்குக் குறுக்கே ஓடும். இழைத்ததும் அழகாகத்தான் இருக்கும். கனமான ஆள் ஒருநாள் சாய்ந்து உட்கார்ந்தால் பாதத்துக்கு நாலு அங்குலம் மேலே முறியும். ரேகை காலோடு நீளவாக்கில் ஓடவேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, விரிப்பு. இடம் அடைக்கிறதே என்று 20 அங்குலத்தை 16 ஆக்கிவிடுவார்கள். பின்காலின் பாதம் முதுகுச் சட்டத்தின் சாய்வுக்குப் பின்னால் நிற்காவிட்டால் சாயும்போது நாற்காலி பின்னே மல்லாக்க விழும். முதுகு சுமார் 13 டிகிரி சாயட்டும். மேல் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது பின்பாதத்துக்கு முன்னாலோ அதன் மேலேயோ விழவேண்டும்.

மூன்றாவது, பூட்டு. கால் – கைப்பிடி சேரும் இடத்தில் 1 அங்குலம் ஆழத்துக்குத் துளை போட்டுக் கழுந்து இறக்க வேண்டும். கால் சாய்வாக வருவதால் கழுந்தின் தோளும் அதே 18 டிகிரியில் வெட்டப்பட வேண்டும். மூலைமட்டத்தை வைத்து நேராக வெட்டிவிட்டு, இடைவெளியை மரத்தூளும் பசையும் கலந்து அடைப்பது வழக்கமான குறுக்குவழி. சில மாதத்தில் ஆடும். முதலில் பிளைவுட்டில் ஒரு பக்கத்தை முழு அளவில் வெட்டி வைத்துக்கொண்டு, எல்லாச் சாய்வையும் அதிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். உட்காரும் பக்கச் சட்டம் இரண்டு காலையும் கடக்கும் இடத்தில் இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஆழத்துக்கு வெட்டிப் பொருத்தி, ஒவ்வொரு சந்திலும் மூன்று நூல் கனத்தில் இரண்டு மர ஆணி அடிப்பது போதும். இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம். அங்கே மரம் பிளக்கும்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவில் கலந்து மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் காயவேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

பிரம்பு பின்ன ஆள் கிடைக்கவில்லை. நாமே பின்னலாமா? ஏற்கெனவே இருக்கும் நாற்காலியில் பின்னல் தொய்ந்துவிட்டது, அதற்கு என்ன வழி?
– வாசகி, சேரன்மகாதேவி

பொறுமை இருந்தால் பின்னலாம். உட்காரும் சட்டத்தின் உள்விளிம்பிலிருந்து நான்கு நூல் தள்ளி, நாலு பக்கமும் துளை போட வேண்டும். 3 மில்லிமீட்டர் பிரம்புத் தோலுக்குத் துளை இரண்டு நூல் விட்டம், துளைக்குத் துளை ஆறு நூல் தூரம். எதிரெதிர்ப் பக்கத் துளைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும். துளையின் மேல், கீழ் வாயை உப்புத்தாளால் மழுங்கடிக்க மறந்தால் பிரம்பு அங்கேதான் அறும். பழைய நாற்காலிகளில் நடுவை விட ஓரத்தில் பின்னல் விட்டுப்போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒரு உட்காருமிடத்துக்கு ஏறக்குறைய 250 அடி பிரம்புத் தோல் ஆகும். வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் ஊறினால் போதும். இரவு முழுக்க ஊறப்போட்டால் கறுத்து, நார் பிரியும். பளபளப்பான பக்கம் எப்போதும் மேலே. முதலில் முன்னிருந்து பின்னாக ஒரு வரிசை. அதன்மேல் இடமிருந்து வலமாக ஒன்று. மூன்றாவது மறுபடியும் முன்னிருந்து பின்னாக, அதே துளைகளில், ஆனால் முதல் வரிசைக்குக் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி. இதுவரை எதையும் பின்னவில்லை, அடுக்கியிருக்கிறோம், அவ்வளவுதான். நான்காவது வரிசைதான் பின்னல். இடமிருந்து வலமாக, மூன்றாம் வரிசைக்கு மேலும் முதல் வரிசைக்குக் கீழுமாகப் போகவேண்டும். இங்கே பிரம்பு மறுபடி ஈரமாக இருந்தால்தான் ஜோடிகளை விரலால் நெருக்கிச் சதுரக் கண்ணாக ஆக்க முடியும். ஐந்தாவதும் ஆறாவதும் மூலைவாட்டம், ஒன்று இப்படி, ஒன்று அப்படி. மூலைவாட்டப் பிரம்பு வழுக்கிக்கொண்டு ஓடினால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு கண்ணிலும் சிக்கி இழுத்தால், மேல்–கீழ் மாறிவிட்டது; பிரித்து எதிர்ப்பக்கமாகக் கோத்துப் பாருங்கள். கடைசியில் ஓரத்தைச் சுற்றி அகலப் பிரம்பு வைத்துக் கட்டினால் முடிந்தது.

முழு இறுக்கத்தில் பின்னாதீர்கள். ஈரத்தில் நீண்டிருக்கும் பிரம்பு காயும்போது தானே இறுகும். முதல் வரிசையையே வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டினால் ஆறாவது வரிசை நுழையவே நுழையாது. காய்ந்ததும் சட்டம் உள்ளே வளையும்.

தொய்வுக்கு வழி சுலபம். நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் ஈரத்துணியை அரைமணி நேரம் போட்டு வையுங்கள். மேல்தோல் தண்ணீர் குடிக்காது, அடிப்பக்கம்தான் குடிக்கும். அப்புறம் இரவு முழுக்க நிழலில் காயட்டும், யாரும் உட்கார வேண்டாம். பிரம்பு அறாமல் இருந்தால் மறுநாள் இறுகியிருக்கும். ஏசி அறையில் இருக்கும் நாற்காலிக்கு இது அவ்வப்போது தேவைப்படும். குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் சிக்கல் தலைகீழ். ஆனி, ஆடிச் சாரலில் ஈரம் இறங்காமல் பூஞ்சணம் கறுப்புப் புள்ளியாகப் படரும். சுவரை ஒட்டிப் போடாமல் காற்றோட்டத்தில் வைத்து, காய்ந்த துணியால் துடைத்துவந்தாலே போதும்.

பிரம்புக்குப் பதில் பத்தமடைப் பாய் போடலாமா? அல்லது எங்கள் பக்கத்து நார்க்கட்டில் பின்னலைப் போட்டால் என்ன?
– வாசகர், திசையன்விளை

பத்தமடைப் பாயின் கோரை தரையில் விரிப்பதற்காக நெய்யப்பட்டது. அடியில் தாங்கல் இல்லாமல் ஆள் பாரத்தைத் தாங்காது. மெல்லிய நூல் பாவு முதலில் அறும், பிறகு கோரை முறியும். ஆனால் முதுகுச் சட்டத்தில், பின்னால் 4 மில்லிமீட்டர் பிளைவுட் கொடுத்து, பாயின் ஓரத்தை மரச்சட்டத்துக்குள் இறக்கி அடித்தால் மிக நன்றாக இருக்கும். பாயை மடிக்காதீர்கள், மடிப்பில்தான் கோரை உடையும்.

நார் நல்ல யோசனை. பனைமட்டையின் அகணி நார் ஒரு குடும்பமே படுக்கும் கட்டிலைத் தாங்குகிறது. ஆனால் அதற்கு நாற்காலிச் சட்டத்தை மாற்ற வேண்டும். பிரம்பு துளைக்குள் போகிறது. நார் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. எனவே நான்கு சட்டத்தின் விளிம்பையும் உருட்டிவிட வேண்டும். கூர்முனை ஒரே வருடத்தில் நாரை அறுத்துவிடும். நார் சுற்றுவதற்குச் சட்டத்துக்கும் காலுக்கும் நடுவே மூன்று நூல் இடைவெளி வேண்டும். இன்னொன்று, நார் தொய்யும் பொருள். கட்டிலில் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டி இறுக்கிக்கொள்கிறோம் அல்லவா? நாற்காலியிலும் பின்சட்டத்துக்கு இரண்டு அங்குலம் முன்னால் நார்ப் பின்னலை ஒரு குச்சியில் முடித்து, அந்தக் குச்சியைப் பின்சட்டத்தோடு பருத்திக் கயிற்றால் கோத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இறுக்கிக்கொள்ளலாம். ஜானரேவும் தன் உபயோகத்துக்கு மூங்கிலையும் கயிற்றையும் வைத்து நாற்காலி கட்டிப் பார்த்தவர்தான். உள்ளூர்ப் பொருளுக்கு ஏற்ப வடிவத்தை மாற்றுவது அவர் வழிதான்.

சென்னையில் ஒருவர் ‘ஒரிஜினல் சண்டிகர் நாற்காலி’ என்று லட்சக்கணக்கில் விலை சொல்கிறார். எப்படி அறிவது?
– வியாபாரி, திருநெல்வேலி டவுன்

முதலில் காகிதத்தைக் கேளுங்கள், பிறகு மரத்தைப் பாருங்கள். இந்த நாற்காலிகள் அரசுச் சொத்து. உடைந்தவற்றை அலுவலகங்கள் கழிவுப் பொருளாக ஏலம் விட்டன. அவற்றை வாங்கிய வெளிநாட்டு வியாபாரிகள் பழுது பார்த்துப் பெரும் விலைக்கு விற்ற பிறகுதான் மதிப்பு தெரிந்தது. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை விதித்து ஆணையிட்டது. ஆகவே எந்த அலுவலகத்திலிருந்து, எந்த ஏலத்தில் வந்தது என்ற சீட்டு இல்லாமல் வருவது போலியாக இருக்கலாம், திருட்டுச் சரக்காகவும் இருக்கலாம்.

பல மூலநாற்காலிகளில் பெயிண்டால் எழுதிய துறைப் பெயர்ச் சுருக்கமும் எண்ணும் உண்டு. அதை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு டப்பா பெயிண்ட் போதும் அதை எழுத. தினமும் ஈரத்துணி போட்டுத் துடைத்த தரையில் நின்ற கால் என்றால் பாதத்தில் முதல் அரை அங்குலம் கறுத்து, ரேகை தூக்கியிருக்கும். கைப்பிடியின் முன்முனை கைபட்டு உருண்டிருக்கும். ஆள் கை படாத அடிப்பக்கம் கூராக இருக்கும். போலியில் எல்லா விளிம்பும் ஒரே மாதிரி உப்புத்தாளால் மழுங்கியிருக்கும். பிரம்பு புதிதாக இருப்பது குற்றமில்லை; அது மாற்றப்படுகிற பாகம்தான். எங்கள் கருத்து, அந்தப் பணத்தில் நல்ல தேக்கு வாங்கி ஊர் ஆசாரிக்கு வேலை கொடுக்கலாம்.

புது வீட்டுக்குச் சண்டிகர் பாணியில் வெயில் தடுப்பு வைக்கிறேன் என்கிறார் எஞ்சினியர். நம் ஊருக்குச் சரிப்படுமா?
– வாசகர், வள்ளியூர்

அப்படியே எடுத்து வைத்தால் சரிப்படாது. சண்டிகர் ஏறத்தாழ 30.7 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுவதும் தெற்கில்தான். ஜூனில் ஏறக்குறைய தலைக்கு மேல், 83 பாகை உயரம். டிசம்பரில் 36 பாகை. கோடை வெயிலைத் தடுத்து, குளிர்கால வெயிலை வீட்டுக்குள் விடவேண்டும் என்பதே அங்குள்ள கணக்கு. 4 அடிச் சன்னலுக்குத் தெற்கில் அரை அடி நீட்டம் இருந்தாலே ஜூன் நடுப்பகல் வெயில் கண்ணாடியில் படாது.

நாம் இருப்பது எட்டு, ஒன்பது பாகைக்குள். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடுவரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். வடக்குச் சுவர்தானே என்று நிழல் வைக்காமல் விட்டால் அக்கினி நட்சத்திரத்தில் அந்த அறை கொதிக்கும். குளிர்கால வெயிலும் நமக்குத் தேவையில்லை. டிசம்பரில் சூரியன் 58 பாகையில் தெற்கே நிற்கும்போது 4 அடிச் சன்னலை முழுக்க மறைக்க இரண்டரை அடி நீட்டம் வேண்டும். வடக்கே ஒன்றரை அடி போதும். சன்னல் உயரத்தைக் குறைத்தால் நீட்டமும் குறையும்.

கிழக்கு, மேற்குச் சன்னலுக்கு எவ்வளவு நீட்டினாலும் பிரயோசனமில்லை, வெயில் தாழ்வாகவே வரும். அங்கேதான் ஜானரே குழுவின் செங்கல் சாளரச் சுவர் உதவும். அவர்கள் சிக்கன வீடுகளில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். செங்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கி, துளையின் அகலத்தைவிட ஆழம் அதிகமாக இருக்குமாறு கட்டச் சொல்லுங்கள். சாய்ந்து வரும் வெயில் உள்ளே எட்டாது. வள்ளியூர், பணகுடிக் காற்றை நீங்கள் அறிவீர்கள். அதனால் ஒவ்வொரு நான்கடி அகலத்துக்கும் ஒரு சிறு தூணும், நடுவில் ஒரு கான்கிரீட் பட்டையும் கொடுக்காமல் உயரமாகச் சாளரச் சுவர் எழுப்ப வேண்டாம்.

வெறும் கான்கிரீட் முகப்பு வேண்டும் என்று எஞ்சினியர் சொன்னால், கம்பிக்கு மேல் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், குறைந்தது ஒன்றரை அங்குலம் இருக்கிறதா என்று நீங்களே அளந்து பாருங்கள். கடல்காற்று எட்டும் ஊர்களில் கம்பி துருப்பிடித்து வெடிப்பது பூச்சில்லாத சுவரில்தான் சீக்கிரம் தெரியும்.

மகள் பிளஸ் டூ. நன்றாக வரைவாள், ஆனால் யாரோடும் பேசமாட்டாள். கட்டடக் கலை படிக்க வைத்தால் தேறுவாளா?
– ஒரு தாய், தென்காசி

தேறுவார் அம்மா. அந்தத் தொழிலில் மேடையில் பேசுகிறவர்கள் சிலர். வரைபடத்தையும் தளத்தையும் தாங்குகிறவர்கள் பலர். ஆனால் பேச்சு குறைவாக இருப்பது வேறு, கேள்வி கேட்கத் தயங்குவது வேறு. கம்பி கட்டும்போது கொத்தனாரிடம் ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்காமல் இருந்துவிட்டால் மறுநாள் கான்கிரீட் மூடிவிடும். ஜானரே அதிகம் பேசாதவர்தான். ஆனால் தளத்தில் ஆசாரி, கொத்தனார், இளம் உதவியாளர் என்று எல்லோரோடும் தினமும் நின்று வேலை பார்த்தவர். மகளுக்கு அந்தப் பழக்கம் வரவேண்டும், அவ்வளவுதான்.

இப்போதே ஒன்று செய்யச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் பழைய வீடு ஒன்றை, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் வரை நாடாவால் அளந்து, கால் அங்குலத்துக்கு ஒரு அடி என்ற அளவில் வரையட்டும். சுவர்க் கனம், படிக்கல் உயரம், தூணின் சுற்றளவு எல்லாம் சேர்த்து. வீட்டுக்காரர்களிடம் கேட்டுத்தான் அளக்க முடியும் என்பதால் பேசுவதற்கும் ஒரு காரணம் கிடைக்கும். அந்த வேலையில் நேரம் போவதே தெரியவில்லை என்றால் படிக்க வைக்கலாம். அலுப்புத் தட்டினால், நன்றாக வரைவது மட்டும் இந்தப் படிப்புக்குப் போதாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். படிப்பு ஐந்து ஆண்டு. கட்டடக் கலைக்கான நாட்டா (NATA) போன்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூவில் கணிதம் இருக்கவேண்டும். கல்லூரி சேர்க்கும்முன் அதற்குக் கட்டடக் கலை மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு கட்டடக் கலைஞர் என்று பதிவு செய்ய முடியாது.

சண்டிகர் போனால் அவர் சம்பந்தமாக எதைப் பார்க்கலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், களக்காடு

செக்டர் 5-இல் 57-ஆம் எண் வீடு. ஜானரே குடியிருந்த வீடு அது. 2017 முதல் அருங்காட்சியகம். செக்டர் 19-இல் அவர்கள் வேலை பார்த்த பழைய அலுவலகம் இப்போது லே கொர்புசியே மையமாக இருக்கிறது. அங்கே மூலநாற்காலிகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். பஞ்சாப் பல்கலைக்கழக வளாகத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு நடுவே நிற்கும் காந்தி பவனை மாலை வெயிலில் பாருங்கள். 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ‘கேப்பிட்டல் காம்ப்ளெக்ஸ்’ (தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர்நீதிமன்றம் உள்ள வளாகம்) உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம் அதிகம். மாசி, பங்குனியில் போவது நல்லது.